மூன்று பல் விழுந்த கீபோர்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் என் மகளும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனில் என்றால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள், மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் கீபோர்டு. அத்தை வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு பியானோ இருந்ததும், பதினோரு வருஷம் சாப்பாட்டு இடைவேளையில் அதில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். ரிடையர் ஆனாள், பியானோவும் போயிற்று. ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேஜைமேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நம் டயர்க்கடைக்காரர் வந்தார். அவர் டிரம் வாசிக்கிற இசைக்குழுவில் கீபோர்டுக்காரர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாராம், கீபோர்டோடு. "அக்கா, நீங்க வாங்க. ஆனா கீபோர்டு உங்களோடதா இருக்கணும். சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஆண்டு விழா. வியாழனுக்குள்ள சொல்லலன்னா வேற ஆளப் பாத்துருவோம்" என்றார். அத்தை உடனே தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் இல்லையென்று சொல்ல இடமே இல்லை.

நீங்கள் போனில் சொன்னது அத்தனையும் எழுதி வைத்துக்கொண்டேன். எண்பத்தெட்டு கட்டை, கனமான கட்டை, புதிதாகத்தான் வாங்க வேண்டும், "அவசரப்படாதீங்க மாமா, அடுத்த மாசம் நானே வந்து பாத்து வாங்கித் தர்றேன்." உங்கள் பேச்சை மீற வேண்டுமென்று நான் கிளம்பவில்லை. கடையில் போய் நின்றதும் தானாக மீறிப்போயிற்று.

முதல் கடையில் நீங்கள் சொன்ன எண்பத்தெட்டு கட்டையைக் காட்டினார்கள். முப்பத்தாறு வருஷமாகப் பல்செட் கட்டுகிறவன் நான், மனுஷனுக்கே மொத்தம் முப்பத்திரண்டுதான், இதற்கு எதற்கய்யா இவ்வளவு என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. விலையைக் கேட்டேன், இடுப்பு வலி மறந்துபோயிற்று. அடுத்ததாக விலை குறைந்ததில் ஒன்றைக் காட்டினார்கள். நாய் குரைக்கிற சத்தம், ஹெலிகாப்டர் சத்தமெல்லாம் அதில் இருந்தது. ஆனால் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம். "எப்படித் தொட்டாலும் கத்துது, உங்கள மாதிரியே" என்று அத்தை கையை எடுத்துவிட்டாள். நான் கோபித்துக்கொண்டு ஏதோ ஒரு பட்டனை அழுத்தினேன். அது தானாகவே ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பித்தது, நிறுத்தவும் தெரியவில்லை. கடையில் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். கீபோர்டு முன்னால் நின்ற அத்தைக்கு ஒரே கைதட்டல். பாவம், அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வெளியே வந்து, "நான் வாசிச்சுக் கைதட்டு வாங்கணுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

புதன்கிழமை ரேடியோ ரிப்பேர் கடையொன்றில், டிவிப் பெட்டிகளுக்கு அடியில் ஒன்று கிடந்தது. அறுபத்தொரு கட்டை, ஒரு கையால் தூக்கிவிடலாம். கரண்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், ஸ்பீக்கரும் உள்ளேயே இருந்தது. மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசியது. ஆனால் நடுவில் மூன்று கட்டையைக் காணோம், பொக்கை. "இந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்காது சார், அதான் பாதி விலைக்கும் கீழ சொல்றேன்" என்றார் ரிப்பேர்க்காரர். அத்தை அந்த ஓட்டையை எல்லாம் தாண்டித் தாண்டி வாசித்தாள், முகம் அப்படி மலர்ந்துவிட்டது. நானோ ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பல் போன இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்குமா?

வீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்து வரிசையில் அதே ஸ்வரத்துக் கட்டையைக் கழற்றி, வாய்க்கு அச்செடுக்கிற பசையில் அமுக்கி அச்செடுத்து, பல் நிற அட்டையை வைத்துப் பார்த்தேன். நாற்பது வருஷம் வெற்றிலை போட்டவர் பல்லுக்குக் கொடுக்கிற பழுப்பு அச்சாகப் பொருந்தியது. பல்செட்டுக்கான பொடியைக் குழைத்து அந்த அச்சில் அடைத்து அடுப்பில் வேகவைக்கும்போதுதான் அத்தை வந்து, "ஐயையோ, சாப்பாட்டுப் பாத்திரத்துலயா!" என்று கத்தினாள். பதற்றத்தில் ஒரு கட்டைக்குக் கைப்பழக்கமாக அடியில் ரோஸ் கலரில் ஈறும் வைத்துவிட்டேன். மறுநாள் டயர்க்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, உங்க கீபோர்டு என்னப் பாத்து சிரிக்குது?" என்றார். தேய்த்துவிடுகிறேன் என்றேன். அத்தை விடவில்லை. அதுதான் நடுக் கட்டையாம், மேடை இருட்டில் கண்ணாடி இல்லாமலே கண்டுபிடித்துவிடலாமாம்.

சனிக்கிழமை. மாப்பிள்ளை, நீங்கள் இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பாட்டு வரை நான் பாட்டைக் கேட்கவே இல்லை, கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது தெறித்து முன்வரிசையில் இருக்கிற பெரிய டாக்டர் மேல் விழுந்தால் மானம் கப்பலேறிவிடுமே என்று. அத்தை கொஞ்சமும் அசரவில்லை. மூன்றாவது பாட்டில் பாதியில் அரங்கத்தில் கரண்ட் போயிற்று. மைக் செத்தது, கிடார் செத்தது. பாடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்து டிரைவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். அத்தையின் கீபோர்டு மட்டும் பேட்டரியில் கணீரென்று போய்க்கொண்டே இருந்தது. யாரோ ஒரு நர்ஸ் கூடப் பாட ஆரம்பித்தார், பிறகு அந்த வரிசை, பிறகு அரங்கமே பாடியது. டார்ச் வெளிச்சத்தில் உங்கள் அத்தையைப் பார்த்தேன். வாயெல்லாம் பல். நான் கட்டிய எந்த செட்டும் அந்த அழகுக்கு வராது. கரண்ட் வந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள், இந்தத் தடவை அவளுக்கே அவளுக்கு. நான் கொஞ்சம் அழுதேன் என்று மகளிடம் சொல்ல வேண்டாம்.

தப்பாக நினைக்கக்கூடாது. நீங்கள் சொன்ன மாடலில் பேட்டரியும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது என்று டயர்க்கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன், குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. எங்களுக்கு இதுவே போதும், ஆயுசுக்கும் போதும். நீங்கள் வேலையைக் கெடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வர வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த கச்சேரி, அதையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, கடைசிவரை சொந்தப் பல்லோடு நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உங்கள் மேல் மதிப்புள்ள,
மாமனார்

பி.கு.: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், இதைப் பார்த்ததும் கிளம்பி வாருங்கள். தபாலை நம்பாமல் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கே அனுப்புகிறேன். வரும்போது எந்தக் கீபோர்டாவது ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். அத்தை கடைக்குப் போயிருந்த நேரத்தில் மீதி ஐம்பத்தெட்டு கட்டையையும் பிடுங்கிவிட்டேன். அவசரத்தில் அடிக்கொக்கியெல்லாம் உடைந்துவிட்டது, பழையதைத் திரும்ப மாட்டவும் வழியில்லை. புதிதாகச் செய்து முடித்தது இதுவரை நாலு, நாளை மறுநாள் ஞாயிறு. அவளுக்கு இன்னும் தெரியாது, மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்பீர்கள். நேற்று சாப்பிடும்போது, "நீங்க செஞ்ச அந்த மூணு கட்டதாங்க விரலுக்கு ரொம்ப இதமா இருக்கு" என்றாள். கல்யாணமான இந்த முப்பத்து நாலு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை, மாப்பிள்ளை. நீங்களாக இருந்தாலும் பிடுங்கியிருப்பீர்கள்.