ரிலீவர் வராத டெஸ்ட் மேட்ச்

நெய்வேலியில் நிலக்கரி தீர்ந்தாலும் தீரும், எங்கள் பிளாக் ‘ஜாய்ஸ்டிக்’ அண்ணன் ஆடும் டெஸ்ட் மேட்ச் தீராது. மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மிஷினை எட்டு மணி நேரம் லீவரால் ஆட்டுவார். வீட்டுக்கு வந்ததும் கேம் கன்சோலில் கிரிக்கெட்.

மைன்ஸில் ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் ஆள், வந்து பொறுப்பேற்காமல் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அண்ணன் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சாப்பாடோ குளியலோ, ரிலீவர் வந்தால்தான். ஷிஃப்ட் முடிந்து வரும் நாங்கள் ஒவ்வொருவராகப் போய் கன்ட்ரோலரை வாங்குவோம்.

“என்னண்ணே நிலவரம்?”

“நாலு போயிடுச்சு. ஸ்பின்னர் போட்டுக்கினு இருக்கான். தூக்கி அடிச்ச, கொன்னுடுவேன்!”

இந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. வடலூர் கடைக்கு, டிவியில் மாட்டும் சின்ன டப்பா வந்தது. ஒரு கன்சோல் விலைக்கு ஒரு தெருவுக்கே வாங்கலாம். படம், சீரியல், மேட்ச் எல்லாம் அதில் வரும். எல்லோரும் வாங்கினார்கள். நானும்தான்.

“டப்பாவுல எவனோ ஆடுறான், நீ பாத்துக்கினு குந்தியிருக்க. இதுல நீயே ஆடுற!” என்று அண்ணன் ஷிஃப்ட் பஸ்ஸில் பிரசாரம் செய்தார். ஆள் சேரவில்லை. கன்சோலிலும் சீரியல் வரும் என்று நிரூபிக்க அண்ணியை உட்கார வைத்தார். அண்ணி ஒரு எபிசோடு தாங்கினார்.

“ஏங்க, ஒரு சீரியலுக்கு இம்மாம் பெரிய மிஷினு எதுக்குங்க? இது போடுற இரைச்சல்ல மாமியா திட்டுறதே கேக்கல.”

மறுநாளே அவர்கள் பெட்ரூமில் ஒரு டப்பா. தலைவர் வீட்டிலேயே எதிர்க்கட்சிக் கொடி ஏறிவிட்டது. நாங்கள் போவதும் குறைந்து, பிறகு நின்றேபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி எங்கள் வாசலில் நின்றார்.

“தம்பி, காலையிலேர்ந்து குந்திக்கினே இருக்காரு. சோறு ஆறிப்போச்சு. கூப்டா, ‘ரிலீவர் வரல’ன்றாரு.”

என் டப்பாவில் படம் க்ளைமாக்ஸில் இருந்தது. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமாம்.

“என்னண்ணே நிலவரம்?”

“ஒம்போது போயிடுச்சு. நீ வருவன்னுதான் கட்டை போட்டுக்கினு இருக்கேன்.”

கன்ட்ரோலரை வாங்கினேன். முதல் பந்திலேயே போல்ட். தீராத மேட்ச் தீர்ந்தது. திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“வுடு, புது மேட்ச் போடு. சாப்ட்டு வந்துடுறேன். எழுந்துக்காத, இன்னா?”

மெதுவாகச் சாப்பிடட்டும். அவர் வரும்வரை நான் எங்கே எழுந்திருக்கப் போகிறேன்?