பதினோரு நாள் வாய்ப்பூட்டு

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் எதிரெதிரே இரண்டு சலூன். ஒன்றில் நிற்க இடமில்லை. இன்னொன்றில் நம்ம ஆள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் கை சுத்தமான கை. கத்தி பிடித்தால் கன்னத்தில் ஒரு கீறல் விழாது. ஆனால் வந்து உட்கார்ந்தவர்கள் பாதி முகம் முடிவதற்குள், "போதும், மீசை இருந்துட்டுப் போகுது" என்று எழுந்துவிடுவார்கள். தெருவில் அரைகுறை மீசைகள் பெருகின. கடை மூடுகிற நிலைமை.

சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டார்.

"ஏன் ஒருத்தனும் நம்ம கடைக்கு வர்றதில்ல?"

"உங்க வாய்தாங்க."

"என் வாய்க்கு என்ன?"

"கிட்ட உட்கார முடியல. கொஞ்சம் கவனிங்க."

சலூன்காரர் யோசித்தார். ஒரு தலை முடிவதற்குள் ஊர்க்கதை ஒன்பது சொல்கிற வாய் அது.

"சரி. நாளையிலேருந்து பேச்சே கிடையாது. வீட்லயும்தான்."

மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சுவரில் இருந்த டிவியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"நல்ல முடிவுங்க."

பூட்டு என்றால் அப்படி ஒரு பூட்டு. உப்புக்கு விரல், குழம்புக்குப் புருவம். கடையில் தண்ணீர் குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை. அடக்கி வைத்த பேச்செல்லாம் பெருமூச்சாக வந்தது. நாற்காலியில் இருந்தவர்களுக்குக் கண்ணில் நீர் கோத்தது.

பன்னிரண்டாம் நாள் காலை மச்சினன் முடிவெட்ட வந்தான். பல் டாக்டரிடம் உதவியாளன். சலூன்காரர் குனிந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"அத்தான், தள்ளி நின்னு நாக்கை நீட்டுங்க."

நீட்டினார்.

"வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு. நாக்கு வழிக்கிறதில்லையா?"

தலையாட்டினார், இல்லை என்று.

"தண்ணியும் குடிக்கல, பேசவும் இல்ல. வாய் காஞ்சா நாத்தம் கூடத்தானே செய்யும்? அக்கா சொன்னது உங்க பேச்சை இல்ல அத்தான், மூச்சை."

பூட்டு உடைந்தது. "இதை முன்னாடியே வந்து சொல்றதுக்கென்ன மாப்ள?"

"அக்கா இன்னிக்குத்தான் வரச்சொன்னா. தினமும் நாக்கை வழிங்க, பல்லிடுக்கைச் சுத்தம் பண்ணுங்க, அடிக்கடி தண்ணி குடிங்க. அப்பவும் போகலன்னா டாக்டர்கிட்ட வாங்க, ஈறைப் பாக்கணும்."

ஒரு வாரம் வழித்தார், கொப்பளித்தார், குடித்தார். அரைகுறை மீசைகள் ஒவ்வொன்றாகக் கடையேறி வந்து, முழுசாக உட்கார்ந்து, மழித்துக்கொண்டு போயின. தெம்பு வந்ததும் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்டார்.

"புரியற மாதிரி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டிவியில என் தொடர் முடிய பதினோரு நாள்தான் பாக்கி இருந்துச்சு. உங்க பேச்சுக்கு நடுவுல இருபது வருஷத்துல அந்தப் பதினோரு நாள்தாங்க வசனத்தோட பார்த்திருக்கேன்."

சலூன்காரர் திரும்பிச் சுவரில் இருந்த டிவியைப் பார்த்தார்.

"இப்ப பேசுங்க, கேக்கறேன். ஏழு மணி வரைக்கும்."

"ஏழு மணிக்கு என்ன?"

"புதுத் தொடர்" என்றபடி உள்ளே போனாள்.