பியானோவுக்கு அரிசி போட்டவர்

அவசரகாலத்தில் மலாயாவே துப்பாக்கிக்குப் பயந்து கிடந்தபோது, ஈரக்காற்றுக்கு மட்டும் பயந்த ஒரே மனிதர் எங்கள் பல்பு கிராணிதான்.

புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி அவர், நான் சின்னக் கிராணி. வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் ஒரு பியானோ இருந்தது. துரையம்மா சீமைக்குப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனார். மலாக்காவிலிருந்து சுருதி சேர்க்க வந்தவரோ, "உள்ளே எந்நேரமும் ஒரு பல்பு எரியணும். ஈரம் ஏறினா மரம் ஊதிரும், கம்பி துருப்பிடிச்சிரும்" என்றார். அன்று மாட்டிய பல்பே இவருக்குப் பெயராகிவிட்டது.

வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தினமும் காலையில் எண்பத்தெட்டுக் கட்டைகளையும் ஒற்றை விரலால் அமுக்கி, எதுவும் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகே ஆபீசுக்கு வருவார்.

ஒருநாள் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் வந்து மின்சார எஞ்சின் கொட்டகையைக் கொளுத்திவிட்டார்கள். பல்பு அணைந்தது. சாலையில் சுடுகிறார்கள் என்று சுருதிக்காரரும் வருவதை நிறுத்தினார். மழைக்காலம் வேறு.

கிராணி தன் ரேஷன் அரிசியை வறுத்து, துணிப்பைகளில் கட்டிப் பியானோவுக்குள் தொங்கவிட ஆரம்பித்தார். வறுத்த அரிசி ஈரத்தை இழுக்குமாம். அவர் தின்றது மரவள்ளிக்கிழங்கு.

காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று, அரிசி ஒரு பிடிகூட எங்கள் குடியிருப்பைச் சுற்றிய முள்வேலியைத் தாண்டக் கூடாதென்பது சட்டம். கிளப்போ வேலிக்கு வெளியே. அதனால் பைகளைச் சட்டைக்குள் வைத்துக் கடத்தினார். கிழங்கு தின்று மெலிந்த மனிதருக்குத் தொப்பை விழுந்ததை வேலி வாசலில் காவல் நின்ற போலீஸ் சார்ஜன் கவனித்துவிட்டார்.

"யாருக்கு அரிசி? காட்டுக்குத்தானே?"

"பியானோவுக்கு."

"பியானோ சோறு திங்குமா லா? ஜெயிலுக்குப் போவீங்க கிராணியாரே!"

"போறேன் சார்ஜன். இதை மாட்டிட்டுப் போறேன். நேத்திலேருந்து ஒரு கட்டை ஒட்டுது."

நாலு துப்பாக்கிகள் புடைசூழ கிளப்புக்கு நடந்தோம், சாட்சிக்கு நானும். கிராணி கீழ்ப்பலகையைக் கழற்றினார். உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு பைகள். சார்ஜன் ஒன்றை மோந்து பார்த்தார், ஒரு கட்டையை அமுக்கினார், கணீரென்றது.

"என் பொண்டாட்டியைக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டதில்ல" என்று முணுமுணுத்தார். மறுநாளிலிருந்து பைகளை எண்ணி வெளியே விட்டு, மறுபடி வறுக்கக் கொண்டுவரும்போது எண்ணி உள்ளே வாங்கினார்.

இதற்கிடையில், துரையம்மா இனி வரப்போவதில்லை என்று கடிதம் வந்தது. கிராணி அதைப் படித்தார், ஃபைலில் போட்டார், அரிசி வறுக்கப் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து ராணுவ லாரிகளின் பின்னால் சுருதிக்காரர் வந்து சேர்ந்தார். தட்டிப் பார்த்தவர், "நாலஞ்சு கம்பிதான் லேசா விலகியிருக்கு. எப்படிய்யா?" என்று கேட்டார்.

"ஒரு பாட்டு வாசிங்களேன்" என்றார் கிராணி.

வாசித்தார். கிராணி கைகட்டி நின்று கேட்டார். அத்தனை நாளும் அவரைக் கேலி செய்த நான், எழுந்துபோய் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கவனிக்கவே இல்லை. நானும் உட்காராமல் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.