கூரை மடங்கும் கார்

மூன்றாவது ஆளும் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவருகே தயங்கி நின்றான். முந்தைய இருவர் பாதியிலேயே போய்விட்டார்கள். ஒருவன் செருப்பைக்கூட எடுக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்து வேலை பார்த்த வண்டிங்க,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. “வெறும் துருப்பிடிச்ச தகரமா வந்துச்சு.”

மெக்கானிக்குக்கு மனசு நிறைந்தது. மூன்று மாதமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசாதவள், முன்பின் தெரியாதவனிடம் புகழ்கிறாள்! கோபக்காரி. இவனும் வாங்காவிட்டால் வெள்ளிக்கிழமை ஷெட்டைக் காலி செய்யும்போது பழைய இரும்புக்காரன்தான் எடைக்குத் தூக்குவான். நான்கு வருட உழைப்பு.

தயங்குகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

வந்தவன் ஓரடி பின்வாங்கினான். “கொக்கி சரியில்லையோ?”

‘என் கொக்கியையா சொல்றே?’ மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. சரி, ஹாரனைக் கேட்கட்டும் என்று எட்டி அழுத்தினான். ஷெட்டே அதிர்ந்தது.

“வயரிங்கும் கோளாறு போலிருக்கே. சாவி எங்கே?”

“எங்கிட்டதாங்க இருக்கு,” என்றாள் மனைவி. சாவியை நீட்டாமல் வாசல் பக்கம் நகர்ந்தாள்.

உச்சி வெயில். ஷெட்டுக்குள் மட்டும் சிமெண்ட் தரையிலிருந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

‘ஏன்டி பயப்படுறே? நான் பேசி முடிக்கிறேன்’ என்றான் மெக்கானிக். அவள் பார்வை அவனைத் தாண்டிச் சுவரில் நின்றது. இன்னமும் வீம்பு.

இனி ஒரே வழி. இந்த வண்டியின் அழகே கூரைதான். கான்வாஸைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். கம்பிகள் ஒவ்வொன்றாக, எலும்பு நெட்டி முறிப்பதுபோல் சடசடத்து இறங்கின. எண்ணெயில் ஊறிய கம்பி. கையில் ஒரு பிசுக்கும் ஒட்டவில்லை. நல்ல எண்ணெய்.

“எப்படி இருக்கு சார்?” என்று நிமிர்ந்தான்.

சார் தெருமுனையில் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய ஹெல்மெட் ஷெட் வாசலில் உருண்டது.

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை வாசலோரம் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்த பெயின்டர், காருக்குள் பார்க்காமலே எழுந்து வந்தான்.

“அக்கா, அடுத்த ஆள்கிட்டயாவது ‘உயிரைக் கொடுத்து’ன்னு சொல்லாதீங்க. ஜாக்கி நழுவி அண்ணன் இதுக்கடியில போனதுலேர்ந்து, ஊரே அதுக்கு நேர் அர்த்தம்தான் எடுத்துக்குது.”