சூப்பர் தனக்கு எதிராக எழுதிய பெட்டிசம்

தன்னைப் பற்றித் தானே முறைப்பாடு எழுதிக் கொடுத்து, அதிலிருந்த எழுத்துப் பிழைகளையும் திருத்தி, பிறகு அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டுத் தந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பார்க்டேலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் நாலு மாடிக் கட்டடத்தின் சூப்பர்.

சூப்பர் என்பது பாராட்டு இல்லை, உத்தியோகம். குழாய், பூட்டு, குப்பை, வாசல் பனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரக் கொம்பனி வைத்திருக்கும் ஆளை றொரன்ரோவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சம்பளத்தோடு பேஸ்மென்றில் இருக்க ஒரு வீடும் கொடுப்பார்கள். எங்கள் சூப்பர் மன்னார்க் கத்தோலிக்கர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும், ஆனால் யாரும் கேட்டதில்லை. தமிழ்ச் சனங்கள் அவரைப் பெட்டிசம் சூப்பர் என்றார்கள். மற்றச் சனங்கள், அது குடும்பப் பெயர் என்று நினைத்து, 'மிஸ்டர் பெட்டிசம்' என்றார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

ஊரில் அவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். வேலை, சனங்கள் அனுப்பும் பெட்டிசங்களை, அதாவது முறைப்பாட்டு மனுக்களை, பிரித்து ஐயாவின் மேசையில் வைப்பது. எந்தப் பெட்டிசத்தை ஐயா வாசிப்பார், எது கூடைக்குப் போகும் என்று உறையைத் தொட்டே சொல்லிவிடுவாராம். கனடாவுக்கு வந்து பனி வழித்தும் அந்தக் குணம் போகவில்லை.

நாங்கள் குடிவந்த இரண்டாம் நாள் குசினிக் குழாய் சொட்டியது. கீழே போய்ச் சொன்னேன். அவர் வாளி கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

"வாயாலை சொன்னது காத்திலை போயிடும், பிள்ளை. எழுதித் தாங்கோ."

எழுதிக் கொண்டுபோனேன். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனை வெளியே வந்தது. திகதி இல்லையென்று ஒரு வட்டம். வீட்டு இலக்கம் இல்லையென்று இன்னொரு வட்டம். மூன்று இடத்தில் 'கைண்ட்லி' போட்டிருந்தேன், மூன்றையும் வெட்டினார். ஒழுகுகிற குழாயைத் திருத்தச் சொல்ல எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று கேட்டார். கடைசியில், சூப்பரிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

"நான் இப்பத்தானே அண்ணை சொன்னனான்."

"நான் இன்னும் ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

செய்யவில்லைத்தான். நான் மேலே வந்து நல்ல பிரதி எழுதி முடிக்குமுன் குழாயைத் திருத்திவிட்டார். ஆனாலும் பிரதியை வாங்காமல் வாசலை விட்டு நகரவில்லை.

கொம்பனியின் மனேஜர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். நீளக் கோட்டுப் போட்ட, அவசரமான மனிதர். அவர் பக்கத்தில் நிற்கும்போது எங்கள் சூப்பர் வேறு ஆள். ஆங்கிலத்தில் எங்களைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள், நடைபாதையில் சப்பாத்து வைக்காதீர்கள் என்று உறுமுவார். மனேஜரின் கார் தெருமுனை திரும்பியதும் தமிழ் திரும்பி வரும். என் கணவர் இதை இரட்டை வேடம் என்றார். சூப்பரிடம் கேட்டால், ஒரு வாயால் சம்பளத்துக்குப் பேசுகிறேன், மற்ற வாயால் உங்களுக்குப் பேசுகிறேன், இதில் என்ன குழப்பம் என்பார்.

அந்த வருசத் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் பொயிலர் நின்றது. கட்டடம் முழுவதையும் சூடாக்க அது ஒன்றுதான், வயது என்னைவிடக் கூட. சூப்பர் அதன் வயிற்றில் காது வைத்துக் கேட்டார், ஸ்பானரால் தட்டினார், அந்தோனியாரிடம் முறையிட்டார். மூன்றுக்கும் அது அசையவில்லை. மனேஜர் முதல்நாள் உதிரிப்பாகம் அனுப்பச் சொல்லியிருக்கிறது என்றார். இரண்டாம் நாள் வந்துகொண்டிருக்கிறது என்றார். மூன்றாம் நாள் போனை எடுக்கவில்லை.

வெளியே ஏரிக் காற்று. வீட்டுக்குள் எங்கள் நாலு வயது மகள் பனிக்கோட்டும் கையுறையும் போட்டபடி சோறு தின்றாள், அதாவது கையுறையும் சேர்ந்து தின்றது. தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாகியது. நல்லெண்ணெயும் யோசிக்கத் தொடங்கியது. நான் குசினியின் ஒவன் அடுப்பை மூட்டி, அடுப்புக் கதவைத் திறந்துவிட்டு அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

சூப்பர் கதவைத் தட்டி உள்ளே வந்தார். முதல் வேலையாக அந்த அடுப்பை நிறுத்தினார். பிள்ளை ஓடித் திரியும் வீட்டில் இப்படி ஒருநாளும் செய்யக்கூடாது என்று உண்மையாகவே கோபப்பட்டார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன வெப்பமானியை எடுத்து, வெளிச்சுவரில் படாமல், அறையின் நடுவில் வைத்தார். டொலர் கடையில் இருபத்தொரு வெப்பமானி வாங்கி, தன்னுடையது தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டு வருகிறாராம்.

"குளிர் காலத்திலை வீட்டுக்கை இருபத்தொரு பாகை இருக்கவேணும். அது அவை போடுற பிச்சை இல்லை, சட்டம். காலமையும் பின்னேரமும் பாத்து, நேரத்தோடை எழுதுங்கோ. போனிலை படமும் எடுங்கோ."

என் கணவர், இந்த மாதம் வாடகையை நிறுத்திப் பார்ப்போமா என்றார். சூப்பருக்கு அந்தோனியாரே நேரில் வந்து பொய் சொன்னது போல அதிர்ச்சி.

"நிப்பாட்டினா, உங்களை வீட்டாலை எழுப்பச் சொல்லி நீங்களே அவைக்குக் காகிதம் எழுதிக் குடுத்த மாதிரி. வாடகையைக் கட்டுங்கோ. கட்டிக்கொண்டு சண்டை பிடியுங்கோ."

அன்று எங்கள் குசினி மேசையில், தொப்பி கழற்றாமல் உட்கார்ந்து, கொம்பனிக்குப் பெட்டிசம் சொன்னார். நான் எழுதினேன். பொயிலர் நின்ற நாள், சூப்பருக்கு அறிவித்த நேரம், அறையின் வெப்பம், வீட்டில் சிறுபிள்ளை இருப்பது, எல்லாம் வந்தது. பிறகு, சூப்பர் கவனயீனமானவர் என்று எழுதச் சொன்னார். பேனை எழும்பவில்லை. நீங்கள் மூன்று நாளாக நித்திரையில்லாமல் அலைகிறீர்கள், இதை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

"நான் ஆர்? கொம்பனியின்ரை ஆள். நான் திருத்தேல்லை எண்டா கொம்பனி திருத்தேல்லை. எழுதுங்கோ, பிள்ளை."

எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு, கவனயீனம் என்பது மெதுவான சொல், அதன் முன்னால் 'பாரதூரமான' என்று போட வேண்டும் என்றார்.

அடுத்த நாள் அவருடைய அலுவலக நேரத்தில், முறைப்படி, அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்பின் பார்க்காத காகிதம் போல ஒவ்வொரு வரியாக வாசித்தார். தன்னுடைய பாரதூரமான கவனயீனத்தைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். கடைசி வரியில் முகம் கறுத்தது. என் கணவர் உற்சாகத்தில், கட்டடத்தின் லொபியும் அழுக்கு என்று தன்பாட்டில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

"லொபியை நான் ஒவ்வொரு நாளும் மொப் பண்ணிறனான்," என்றார். "பெட்டிசத்திலை பொய் எழுதக்கூடாது."

அந்த வரியை வெட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். என் கணவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

இருபத்தொரு வீட்டிலிருந்தும் பெட்டிசம் போயிற்று. கொம்பனி அசையவில்லை என்றதும், அடுத்த படி நகரசபைக்குப் போன் பண்ணுவது என்றார். பண்ணினோம். இன்ஸ்பெக்டர் வரும் நாளும், முதலில் பார்ப்பது எங்கள் வீட்டை என்பதும் மனேஜருக்கும் தெரிந்துவிட்டது. அன்று காலை அவர் மூன்று மின்சார ஹீற்றர்களைக் கொண்டுவந்து எங்கள் ஹோலில் வைத்து முழுவேகத்தில் போட்டார். ஹோல் சித்திரை மாதத்து மன்னாரானது. சூப்பர் மனேஜரின் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு இளம் பெண். மாநிறம், கட்டைத் தலைமயிர், கையில் அளக்கும் கருவி. மனேஜர் கைகாட்ட, சூப்பர் ஆங்கிலத்தில், எல்லாம் சரியாக இருக்கிறது, நல்ல சூடு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, விரலை நீட்டி, கண்ணை உருட்டி, திட்டுகிற தொனியில் தமிழில் தொடங்கினார்.

"உந்த மூண்டு ஹீற்றரையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ, பிள்ளை. படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நடு அறையிலை வைச்சு அளக்கச் சொல்லுங்கோ."

சத்தத்தில் மகள் அழப் பார்த்தாள். தன் ஆள் என்னை அடக்குகிறார் என்று மனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் ஆங்கிலத்தில் எப்படித் தொடங்குவது என்று யோசிக்குமுன், இன்ஸ்பெக்டர் குனிந்து மூன்று ஹீற்றர்களையும் நிறுத்திவிட்டு நேரே படுக்கையறைக்குள் போனார். பதின்மூன்று பாகை. எழுதிக்கொண்டு வெளியே வந்து, சூப்பரைப் பார்த்து, மெதுவாக, "அங்கிள், நீங்கள் shout பண்ணத் தேவையில்லை. எனக்கு விளங்குது," என்றார்.

சூப்பரின் நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது.

இன்ஸ்பெக்டர் மற்ற வீடுகளையும் அளந்தார். கடைசியில் சூப்பரின் வீட்டையும் காட்டச் சொன்னார். பொயிலருக்குப் பக்கத்து வீடு, அங்கே எப்படியும் சூடு இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும் பின்னால் போனேன். சீமெந்துத் தரை. கட்டிலில் இரண்டு கோட்டு, ஒரு கம்பளி, ஒரு கார்ப்பெற் துண்டு. கருவி ஒன்பது காட்டியது. உங்கள் முறைப்பாடு ஏன் பட்டியலில் இல்லை என்று அந்தப் பெண் கேட்டார்.

"எனக்கு எதிரா நானே பெட்டிசம் போடேலாது, பிள்ளை," என்றார் சூப்பர்.

நான் சுவரைப் பார்த்தேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை.

நகரசபையின் கட்டளை வந்த பிறகு உதிரிப்பாகம் திடீரென்று கிடைத்தது. பொயிலர் ஓடியது, வீடு சூடானது, நல்லெண்ணெய் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் கொம்பனிக்குக் குற்றம் சுமத்த ஒரு ஆள் தேவைப்பட்டது. இருபத்தொரு பெட்டிசத்திலும் ஒரே ஆள் இருந்தார். சூப்பரை வேலையால் நிறுத்தினார்கள்.

வேலையோடு வீடும் போகும். எங்களை எழுப்புவதென்றால் நோட்டீஸ், விசாரணை என்று எத்தனையோ படி இருந்தது. சூப்பருக்குச் சட்டம் கொடுத்தது ஒரு கிழமை. அதை எங்களுக்கு விளக்கிச் சொன்னதும் அவர்தான், வேறு யாருக்கோ நடந்தது போல. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அவர் நல்லவர் என்று கொம்பனிக்கு எழுதுகிறோம் என்றோம். மறுத்துவிட்டார். குளிரில் இருந்த நாட்களுக்கு வாடகைக் குறைப்புக் கேட்டு, வாடகை வழக்குகளை விசாரிக்கும் நியாயசபைக்குப் போட்டிருக்கிறோம், இப்போது மாற்றி எழுதினால் முதல் எழுதியதை நம்பமாட்டார்கள் என்றார்.

ஏழாம் நாள் இரண்டு பெட்டியோடு மாடியேறி எங்கள் ஹோலுக்கு வந்தார். நானும் கணவரும்தான் கூப்பிட்டோம். லொபி வரியை எழுதிய பாவத்துக்கு என் கணவரே இரண்டு பெட்டியையும் தூக்கினார். அடுத்த முறை மனேஜர் வந்தபோது எங்கள் கதவைத் திறந்தது, இடுப்பில் சாரத்தோடு, கையில் தேத்தண்ணியோடு, எங்கள் சூப்பர். மனேஜர் பேயைக் கண்டவர் போல இரண்டடி பின்னால் போனார். வாடகைக்காரர் வீட்டில் விருந்தாளியை வைத்திருப்பதைக் கொம்பனி தடுக்க முடியாது என்று, இந்தமுறை ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, சூப்பர் விளக்கினார். வேண்டுமென்றால் எழுத்தில் தருவதாகவும் சொன்னார்.

மூன்று மாதம் விருந்தாளியாக இருந்தார். புதிய சூப்பருக்கு எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று படிப்பித்தார். பிறகு ஒஷாவாவில் ஒரு கட்டடத்தில் வேலை கிடைத்துப் போனார்.

நியாயசபை விசாரணை வர அடுத்த குளிரும் வந்துவிட்டது. கணினியில் நடந்தது. சூப்பர் காலையிலேயே ரயில் பிடித்து வந்து, கமராவுக்குத் தெரியாத மூலையில், எனக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். கொம்பனிப் பக்கத்தவர், எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கவனயீனமான சூப்பர், அவரை நீக்கிவிட்டோம் என்றார். மூலையில் சூப்பர் ஆமோதித்துத் தலையாட்டினார். விசாரிப்பவர், நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறீர்களா என்று என்னைக் கேட்டார்.

சூப்பர் இரண்டு கையாலும், ஓம் என்று சொல்லும்படி காட்டினார்.

நான் இல்லை என்றேன். அந்தச் சொல்லை எழுதியது பிழை, பிழை கொம்பனியுடையது என்றேன். எங்களுக்கு வெப்பமானி வாங்கித் தந்தவர் அவர், கட்டடத்திலேயே ஆகக் குளிரான வீட்டில் படுத்தவர் அவர், அதை அளந்த காகிதம் நகரசபையிடம் இருக்கிறது என்றேன். என் ஆங்கிலம் பல இடத்தில் இடறியது.

கொஞ்ச நாள் கழித்து வாடகைக் குறைப்புத் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. கணினியை மூடியதும் சூப்பர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கேஸைக் கெடுத்துப்போட்டியள், பிள்ளை," என்றார்.

சரியான கோபம் என்று மகள் என் காதில் சொன்னாள். நானும் பயந்துபோய்ச் சோறு போட்டேன். மீன் குழம்பில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் தரம் நான் கேட்கவில்லை, அவரே சோற்றுக் கோப்பையை நீட்டினார்.