ஆட்டுக்கும் இருபோகம்

நெல்லுக்கு இருபோகம் உண்டு. குறுவை ஒன்று, சம்பா ஒன்று. ஆட்டுக்கு மட்டும் ஏன் ஒரு போகம்? வைகாசியில் ஒருநாள், குத்தாலத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம் முடிந்து வரும்போது இந்தக் கேள்வி எனக்கு உதித்தது. உலகத்தில் யாருமே கேட்காத கேள்வி என்று சைக்கிளை விட்டே இறங்கிவிட்டேன்.

எங்களிடம் பன்னிரண்டு செம்மறிப் பெட்டை, ஒரு கிடா. எல்லாம் என் மனைவி செவ்வந்தி பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த வகையறா. அந்தக் கிடாவோடு இரட்டையாகப் பிறந்ததை, தெருக்கோடி கமருன்னிஸா பக்ரீத்துக்கென்று குட்டியிலேயே வாங்கிப் போய்விட்டாள். போன வருஷம் கூலித் தகராறில் பண்ணையார் எங்களை வயலில் இறங்கவிடாதபோது, ஒரு மாசம் சோறு போட்டவை இந்த ஆடுகள்தான். இவை இருக்கும்வரை பண்ணை வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம். குட்டி கூடினால் தைரியமும் கூடும்.

ஆனால் செவ்வந்தி, கிடாவின் வயிற்றுக்குக் கீழே கோணிச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். கிடா ஏறலாம், இறங்கலாம், வேலை நடக்காது. ஆவணியில்தான் அவிழ்ப்பாள்.

"ஏன் புள்ள, இப்பவே அவுத்தா என்ன?"

"இப்ப சேந்தா அஞ்சு மாசத்துல ஐப்பசி. அடைமழையில குட்டி விழுந்தா, உங்க சட்டைக்குள்ள வச்சுக் காப்பாத்துவீங்களா?"

"வருஷத்துக்கு ரெண்டு ஈத்து எடுக்கலாம்ல?"

"போன வருஷம் கோணி அவுந்துபோயி, அஞ்சு குட்டி சேத்துல வெறச்சுச் செத்துச்சு. தூக்கிப் பொதச்சவ நாந்தான்."

"அது தவறிப்போயி நடந்தது. இது திட்டம்."

"சரிங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நல்ல நாளா அவுத்துடுவோம்."

இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள், "நீங்க தலையப் பிடிங்க, நான் அவுக்குறேன்" என்றாள். பிடித்தேன். கருத்த மூஞ்சி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கோணி கழன்றது. டீக்கடையில் போய், ஐப்பசியில் பன்னிரண்டு குட்டி என்று அறிவித்துவிட்டேன்.

அதிலிருந்து தினமும் பட்டிக்குப் போய் வேவு பார்த்தேன். கிடா தின்றது, படுத்தது, அசைபோட்டது. பெட்டைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன புள்ள, ஒண்ணும் பண்ண மாட்டேங்குது?"

"நீங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தா? அதுக்கும் வெக்கம் இருக்காதா?"

நியாயமாகப் பட்டது. முதுகைக் காட்டி நின்றேன். தெம்புக்குக் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊட்டினேன். மூன்று மாசம் ஊட்டினேன். ஆவணியில் ஒருநாள் பார்த்தால் கிடா பட்டியையே கலக்குகிறது. கொஞ்சம் இளைத்தும் இருந்தது. உழைத்தால் இளைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி வந்தது. மழை வந்தது. குட்டி வரவில்லை. கட்சிக் காலண்டரை முன்னும் பின்னும் புரட்டி எண்ணினேன். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். கார்த்திகையில் மூன்று நாள் புயல். பட்டிக்குள் முழங்கால் தண்ணீர். பெட்டைகளையெல்லாம் வீட்டுக்குள் ஓட்டினோம்.

பக்ரீத்தன்று கமருன்னிஸா தூக்குவாளியில் கறிக்குழம்பு கொண்டுவந்தாள். நான் இரண்டாவது துண்டை மெல்லும்போது சொன்னாள்: "எல்லாம் உங்க புண்ணாக்குதாண்ணே. கறி பஞ்சா வெந்துச்சு."

"உங்க கிடாவுக்கு நான் எப்பம்மா ஊட்டினேன்?"

அவள் செவ்வந்தியைப் பார்த்தாள். பிறகு வாளியைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டாள்.

"வைகாசியில நம்ம கிடா கமருன்னிஸா அக்கா வீட்டுக்குப் போச்சு. அதோட ரெட்டை இங்க வந்துச்சு" என்றாள் செவ்வந்தி. "அது குட்டியிலேயே காயடிச்சது. ஆவணியில மாத்திக்கிட்டோம். தையில குட்டி விழும். அறுத்த வயல்ல மேயும்."

கோபம் வரப் பார்த்தது. வெளியே மழை கொட்டுவதைப் பார்த்தேன். போன வருஷத்து ஐந்து குட்டிகள் நினைவுக்கு வந்தன. கோபம் வரவில்லை.

"சரி, எனக்கெப்படித் தெரியாமப் போச்சு?"

"நீங்க மூஞ்சிய மட்டும் பாத்தீங்க." என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "பன்னெண்டு ஆடும் மொத நாளே கண்டுபிடிச்சிடுச்சுங்க."