புஸ்ஸண்ணன் ஜெயித்த நாள்

உலகத்தில் எந்தச் சோதனையையும் தோற்கடிக்கக்கூடிய ஒரே மனிதன் எங்கள் புஸ்ஸண்ணன்தான். கல்லூரியில் அவனுக்கு வேறு பெயர். மாநில எல்லையில் வடகரப்பதிப் பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் வைத்ததுதான் நிலைத்தது.

சனிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் வாளியும் பாட்டிலுமாக இரண்டு பஸ் மாறி அங்கே அறிவியல் சொல்லித்தரப் போவோம். வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். மீதியை அவன் எடுப்பான்.

மெழுகுவத்தியை டம்ளரால் மூடித் தண்ணீர் ஏறுவதைக் காட்டப் பார்ப்பான். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று தீக்குச்சியையே பற்றவிடாது. எலுமிச்சம்பழத்தில் மின்சாரம் எடுத்து விளக்கு எரிப்பதாகச் சொல்வான். விளக்கு எரியாது, மிச்சப் பழத்தைப் பிள்ளைகள் உப்புத் தொட்டுத் தின்றுவிடுவார்கள்.

"நேத்திக்கு லேப்ல நன்னா வந்துதேடா!" என்று கல்பாத்தி அக்ரகாரத் தமிழில் புலம்புவான். பிறகு பிள்ளைகளையே கேட்பான்: "ஏன் வரலை? சொல்லுங்கோ."

அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். "காத்துங்கண்ணா!" "இல்லீங்ண்ணா, திரி ஈரமுங்க!"

"லேப் சாமானையே கொண்டுவந்து தொலையேன்டா" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"நாம போனப்பறம் இவா எதை வெச்சுண்டு பண்ணுவா? பெட்டிக்கடைல கிடைக்கறதுதான் வேணும்" என்றான்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. பிரயோஜனமில்லை என்று அவர் சொல்லிவிட்டால் எங்கள் வகுப்பு அன்றோடு நிற்கும். அவர் வரும் நாளன்று தலைமையாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, இன்னிக்கு ஒருநாளைக்கு அந்தத் தம்பி எதையும் தொடாம பாத்துக்குங்க. புண்ணியமாப் போகும்."

நான் பாட்டிலை எடுத்து ஒளிப்பதற்குள் அவன் அதில் வினிகரை ஊற்றி, ஆப்பசோடா போட்ட பலூனை அதன் வாயில் மாட்டிக் கவிழ்த்துவிட்டான். பலூன் முதல் தடவையிலேயே பூசணிக்காயாய் ஊதிக்கொண்டது. யாரும் கை தட்டவில்லை.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவனைப் பாவமாகப் பார்த்தாள். "அண்ணா, இன்னிக்கு என்னங்ண்ணா தப்பாப் போச்சு?"

"சோடா சாஸ்திங்களா?" என்றது ஒரு குரல். "பாட்டிலு புதுசுங்க, அதான்!" என்றது இன்னொன்று. சந்தைக்கடை தொடங்கிவிட்டது.

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். சும்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பும் எண்ணத்தோடு வந்திருந்த அதிகாரியோ குட்டி பெஞ்சில் உட்கார்ந்து, "சோடா பழசா இருந்தா எந்தாவும்?" என்று மலையாளம் கலந்து கேட்டுச் சண்டையில் சேர்ந்துகொண்டார். வகுப்பு நிற்கவில்லை.

இப்போது அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். நான் தனியாக வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். என் சோதனைகள் எல்லாம் ஒழுங்காக வந்துவிடுகின்றன. பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அவன் இல்லாமல் எனக்கும் அங்கே என்னவோ போலிருக்கிறது.

போன சனிக்கிழமை, யாரும் பார்க்காதபோது, பலூனில் ஊசியால் ஓர் ஓட்டை போட்டேன்.